பாயிஸ்: சிலியின் மானாவாரிச் சரிவுகளில் நிற்கும் பழைய கருந்திராட்சை

கேள்வி இதுதான்: "சிலி நாட்டில் பாயிஸ் என்றொரு பழைய சிவப்பு ஒயின் திராட்சை இருக்கிறதாமே. இருநூறு வயதுக் கொடிகள்கூட இன்னும் காய்க்கின்றன என்கிறார்கள். அப்படி இருந்தும் அந்த ரகத்துக்கு இத்தனை காலம் ஏன் மதிப்பில்லை? எப்படிப் பயிர் செய்கிறார்கள்? கொடிக்கு வயது கூடினால் ஒயின் நன்றாக வருமா?"

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பாயிஸ் மட்டமான ரகம் இல்லை. பொருந்தாத நிலத்தில், தேவைக்கு மேல் தண்ணீர் கொடுத்து, தாங்க முடியாத அளவுக்குக் காய்க்க விட்டு, அப்புறம் கபர்னே சாவினியோன் என்ற பிரெஞ்சு ரகம் மாதிரி கறுப்பாக, கனமாக வரவில்லையே என்று குறை சொன்னார்கள். அதே ரகத்தைச் சிலியின் தெற்கில், கரையோர மலைச் சரிவில், மழையை மட்டும் நம்பி வளர்த்து, இதமாகக் கையாண்டு செய்த ஒயினைக் குடித்துப் பார்த்தால் வேறு கதை தெரியும். அதை விளக்கத்தான் இந்த நீண்ட பதில்.

இதன் பூர்வீகம் ஸ்பெயின். அங்கே இதன் பெயர் லிஸ்தான் பிரியெத்தோ. காஸ்தீய்யப் பகுதியில் விளைந்த இந்த ரகம் 16-ஆம் நூற்றாண்டில் கனாரித் தீவுகளுக்கும், அமெரிக்கக் கண்டத்துக்கும் கப்பலேறியது. போன இடமெல்லாம் ஒரு புதுப் பெயர் கிடைத்தது. சிலியில் பாயிஸ், அர்ஜென்டினாவில் கிரியோயா சிகா, பெருவில் நெக்ரா கிரியோயா, கலிபோர்னியாவில் மிஷன். இவை எல்லாம் ஒன்றா, நெருங்கிய உறவுகளா என்று பல காலம் குழப்பம் இருந்தது. ஸ்பெயின் ஆய்வாளர்களின் மரபணு ஆய்வு 2007-இல் வெளியானபோதுதான் நான்கும் ஒரே ரகம், அதன் மூலம் லிஸ்தான் பிரியெத்தோ என்பது உறுதியானது. வேடிக்கை என்னவென்றால், தாய்நாட்டில் அது கிட்டத்தட்ட அழிந்தே போய்விட்டது. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஐரோப்பியத் தோட்டங்களைச் சூறையாடிய ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சிக்குப் பிறகு ஸ்பெயினின் பெருநிலத்தில் இதை மறுபடி நட யாரும் அக்கறை காட்டவில்லை. அந்தப் பூச்சி அப்போது எட்டாத கனாரித் தீவுகளில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியது.

அமெரிக்காவுக்கு இதைக் கொண்டுபோனதற்கு முக்கியக் காரணம் கிறிஸ்தவ வழிபாடு. பூசைக்கு ஒயின் இல்லாமல் முடியாது. ஸ்பெயினிலிருந்து பீப்பாய் பீப்பாயாகக் கொண்டுவந்தால் கட்டுப்படியாகாது, வழியில் புளித்தும் போகும். மெக்சிகோவைப் பிடித்த எர்னான் கோர்த்தெஸ் 1524-இலேயே ஓர் ஆணை போட்டார்: தன் கீழ் உள்ளூர் மக்களை வைத்திருக்கும் ஒவ்வொரு ஸ்பானியரும், நூறு பேருக்கு ஆயிரம் கொடி வீதம் ஆண்டுதோறும் நட வேண்டும். அந்தக் கொடிகளை நட்டு வளர்த்த கைகள் யாருடையவை என்பதை அந்த ஆணையே சொல்லிவிடுகிறது. எழுபது ஆண்டு கழித்து, 1595-இல், ஸ்பெயின் மன்னர் இரண்டாம் ஃபிலிப் புதிய நடவுக்குத் தடை போட்டார். தாய்நாட்டு வியாபாரிகளின் ஏற்றுமதி அடிபடுகிறது என்பதுதான் காரணம். தூரத்துக் குடியேற்றங்களில் அந்தத் தடைக்குப் பெரிய பலன் இல்லை.

இந்த ரகத்துக்கு இன்னொரு பெருமை உண்டு, அதிகம் பேர் கவனிப்பதில்லை. தென் அமெரிக்காவின் சொந்தத் திராட்சை ரகங்கள் பலவற்றுக்கு இதுவே பெற்றோரில் ஒன்று. பழைய தோட்டங்களில் இதன் பக்கத்திலேயே அலெக்சாண்ட்ரியா மஸ்கட் என்ற மணமுள்ள வெள்ளை ரகமும் நின்றது. இரண்டும் தானாகக் கலந்து, விதை விழுந்து முளைத்த செடிகளில் சில விவசாயிகளின் கண்ணில் பட்டுப் பிழைத்தன. அர்ஜென்டினாவின் புகழ்பெற்ற வெள்ளை ஒயின் ரகமான டொரோன்டெஸ் ரியோஹானோ அப்படிப் பிறந்ததுதான். செரெசா என்ற இளஞ்சிவப்பு ரகமும் அதே ஜோடியின் பிள்ளை. பெருவில் பிஸ்கோ என்ற திராட்சைச் சாராயத்துக்கு முதுகெலும்பாக இருக்கும் கெப்ராந்தா ரகம், நெக்ரா கிரியோயாவும் மோயார் என்ற இன்னொரு ஸ்பானிய ரகமும் கலந்து வந்தது. மதிப்பில்லாத ரகம் என்று ஒதுக்கப்பட்டதன் பிள்ளைகள் ஒரு கண்டத்தின் அடையாளமாக இருக்கின்றன.

சரி, சிலிக்கு வருவோம். சாந்தியாகோ நகரம் 1541-இலும், தெற்கே கொன்செப்சியோன் 1550-இலும் நிறுவப்பட்டன. கொடிகள் அந்தக் காலத்திலேயே வந்துசேர்ந்துவிட்டன. கொன்செப்சியோனைச் சுற்றியிருந்த பகுதி ஸ்பானியருக்கும் மாபுச்சே என்ற பூர்வகுடி மக்களுக்கும் இடையே நெடுங்காலம் எல்லைப்பகுதி. பியோ பியோ ஆற்றுக்குத் தெற்கே மாபுச்சேக்கள் 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதி வரை தங்கள் நிலத்தை விட்டுக்கொடுக்கவில்லை. எல்லைப் படைகள், துறவி மடங்கள், துறைமுகம் எல்லாவற்றுக்கும் ஒயின் போனது இட்டாட்டா பள்ளத்தாக்கிலிருந்து. ஆகவே சிலி ஒயினின் தொட்டில் என்று யாராவது சாந்தியாகோவுக்குப் பக்கத்துப் பெரிய தோட்டங்களைக் காட்டினால் ஏற்க வேண்டாம். பழமை தெற்கில்தான் இருக்கிறது: இட்டாட்டா, பியோ பியோ, அதற்குச் சற்று வடக்கே மௌலே வட்டாரத்தின் கௌகெனெஸ் பக்கம்.

பாயிஸின் தலையெழுத்து மாறியது 1850-களில். சுரங்கத்தில் பணம் சேர்த்த குடும்பங்கள் பிரான்ஸைப் பார்த்து மயங்கிய காலம் அது. சில்வெஸ்திரே ஒச்சகாவியா என்பவர் 1851-இல் பிரெஞ்சு ரகக் கொடிகளை இறக்குமதி செய்தார். கபர்னே, மால்பெக், மெர்லோ என்று நம்பி நட்ட கார்மெனேர் எல்லாம் சாந்தியாகோவைச் சுற்றிய பாசன நிலங்களுக்குள் நுழைந்தன. அரண்மனை மாதிரி வீடு, பிரான்ஸிலிருந்து வந்த நிபுணர், ஓக் பீப்பாய் என்று ஒரு புது உலகம். பாயிஸ் சிறு விவசாயியின் ரகமாக, ஏழை வீட்டு ஒயினாகத் தெற்கில் தங்கிவிட்டது. ஆனால் பரப்பில் அது தோற்கவில்லை. 1990-கள் வரையிலும் சிலியில் மிக அதிக ஏக்கரில் நின்ற ஒயின் திராட்சை பாயிஸ்தான். அப்புறம்தான் கபர்னே முந்தியது. இன்றைக்கும் சுமார் 10,000 ஹெக்டேர் இருக்கிறது.

இனி பயிர் முறை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ரகத்தின் குணம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

கரையோர மலைத்தொடர் ஆண்டிஸைவிட மிகப் பழையது. அதன் கருங்கல் பாறை காலப்போக்கில் சிதைந்து, கையில் எடுத்தால் சர்க்கரை போல உதிரும் பருமணலாகியிருக்கிறது; அதற்கு மேலே பல இடங்களில் செம்மண்ணும் களியும். மழை முழுக்கக் குளிர்காலத்தில், அதாவது மே முதல் ஆகஸ்ட் வரை. இட்டாட்டாவில் ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டரை ஒட்டிக்கூடப் பெய்யும். ஆனால் கொடி வளர்ந்து பழுக்கும் கோடை மாதங்களில் மழை மிகக் குறைவு. பாசனமும் கிடையாது. குளிர்காலத்தில் சிதைந்த பாறைக்குள் இறங்கிய ஈரத்தை வேர் தேடிப்போய்க் குடிக்க வேண்டும். பாயிஸின் வேர் அதைச் செய்யும். வறட்சியைத் தாங்குவதில் இதோடு போட்டி போடும் ஒயின் ரகங்கள் குறைவு.

கம்பியும் கிடையாது, பந்தலும் கிடையாது. கொடி தன் காலிலேயே புதர் போல நிற்கும். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல் பெரும்பாலும் போகாத தடித்த, முறுக்கிய அடிமரம். அதன் உச்சியில் மூன்று, நான்கு, ஐந்து கைகள் நாலாபக்கமும் விரிந்திருக்கும். குளிர்காலத்தின் நடுவில், ஜூலை, ஆகஸ்டில், கவாத்து. போன ஆண்டு வளர்ந்த நீண்ட கொம்புகளில் பெரும்பாலானவற்றை அடியோடு எடுத்துவிட்டு, ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு குட்டைக் கொம்பை மட்டும் இரண்டு கண் விட்டு வெட்டுவார்கள். அந்த இரண்டு கண்ணிலிருந்து வரும் துளிர்தான் அடுத்த பருவத்துக் காய்ப்பு. இதில் கைப்பழக்கம் அதிகம் வேண்டும். கை ஒவ்வொரு ஆண்டும் ஒரு விரற்கடை நீண்டுகொண்டே போகும்; போகப் போகக் கொடி அகன்று, முறிந்து, உள்ளே உளுத்துப்போகும். அனுபவசாலி அடிமரத்தின் பக்கத்தில் தற்செயலாக வெடித்த ஒரு துளிரை விட்டுவைத்து, இரண்டு மூன்று ஆண்டு பொறுத்து, நீண்ட பழைய கையை எடுத்துவிட்டு அதை அந்த இடத்துக்குக் கொண்டுவருவார். நூறு ஆண்டைத் தாண்டி நிற்கும் கொடிகள் எல்லாம் இப்படி ஆள் மாறி ஆள் கவனமாக வெட்டியதால் நிற்பவை. ரகத்தின் வலிமை பாதி என்றால் கவாத்துக் கத்தி மீதிப் பாதி.

வசந்தத்தில் குதிரை கட்டி உழுவது இன்னும் பல சரிவுகளில் வழக்கம். டிராக்டர் ஏறாது, வரிசைகளும் நேராக இருக்காது. மழைக்காலத்தில் முளைத்த களையை மண்ணுக்குள் மடக்கிவிடுவது ஒரு வேலை. மேல்மண்ணைப் புழுதியாக்கி அடியிலுள்ள ஈரம் ஆவியாகாமல் காப்பது இன்னொரு வேலை. மானாவாரி விவசாயம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. இந்த மலைகளில் 19-ஆம் நூற்றாண்டில் கோதுமை விதைத்துத் தள்ளினார்கள். 1849-க்குப் பிறகு கலிபோர்னியாவில் தங்கம் தேடிப்போன கூட்டத்துக்கு மாவு போனதே இங்கிருந்துதான். அந்தக் காலத்து உழவில் மேல்மண் பெருமளவு ஆற்றோடு போய்விட்டது. அதனால் இப்போது பலர் உழவைக் குறைத்து, வரிசைகளுக்கு நடுவே புல்லை விட்டு, தேவையான இடத்தில் மட்டும் கிளறுகிறார்கள். என் பார்வையில் செங்குத்தான சரிவுகளுக்கு அதுவே சரி.

நோய் என்று பார்த்தால், கோடை வறண்டிருப்பதால் பிரச்சினை குறைவு. சாம்பல் நோய் வரும். அதற்குக் கந்தகத் தூள் அடித்தால் போதும். குலை பெரியது, அதிகம் இறுகாமல் தளர்ந்திருப்பதால் காற்று புகும், அழுகல் குறையும். பள்ளமான இடங்களில் செப்டம்பர், அக்டோபர் உறைபனி இளந்துளிரைக் கருக்கிவிடும், அதுதான் பெரிய பயம். மார்கரோடெஸ் என்ற வேர்ப்பூச்சியும் சில நிலங்களில் கொடியை மெலிய வைக்கும். பறிப்பு மார்ச் கடைசியில் தொடங்கி ஏப்ரலில் நடக்கும்.

இப்போது சொந்த வேர் விஷயம். உலகின் பெரும்பாலான ஒயின் தோட்டங்களில் ஐரோப்பியக் கொடியை அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டித்தான் நடுகிறார்கள், ஃபிலாக்ஸெராவுக்குப் பயந்து. சிலிக்கு அந்தப் பூச்சி வரவே இல்லை. வடக்கே அட்டகாமா பாலைவனம், கிழக்கே ஆண்டிஸ், மேற்கே பசிபிக், அதற்கு மேல் கறாரான தாவரத் தடுப்புச் சோதனை. அதனால் பாயிஸ் ஒட்டுக் கட்டாமல் தன் வேரிலேயே நிற்கிறது. இதனால் கிடைக்கும் ஒரு வசதிதான் தோட்டங்களின் வயதுக்கு அடிப்படை: பதியம் போடலாம். ஒரு கொடி செத்துப் பள்ளம் விழுந்தால், பக்கத்துக் கொடியின் நீண்ட கொம்பு ஒன்றை வெட்டாமல் வளைத்து, மண்ணுக்குள் புதைத்து, நுனியைப் பள்ளத்தில் மேலே எடுத்துவிடுவார்கள். ஓரிரு ஆண்டில் அது தனக்கென்று வேர் விடும். அப்புறம் தாயிடமிருந்து துண்டித்துவிடலாம். நாற்றுக்குச் செலவில்லை, நட்ட புதுக்கன்று பெரிய கொடிகளின் நடுவே ஈரத்துக்குப் போராட வேண்டியதும் இல்லை, அது வளரும் வரை தாய் ஊட்டும்.

கேட்ட "இருநூறு வயது" இங்கேதான் சிக்கலாகிறது. தோட்டத்தின் வயது வேறு, ஒவ்வொரு கொடியின் வயது வேறு. 18-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய தோட்டத்தில் இன்று நிற்கும் கொடிகளில் பல, பதியத்தின் மூலம் பின்னால் வந்தவையாக இருக்கும். அடிமரத்தின் உள்பகுதி உளுத்துக் கோறையாகிவிடுவதால் வளையம் எண்ணவும் வழியில்லை. நட்ட ஆண்டுக்குப் பத்திரம் இருக்கும் தோட்டங்கள் கொஞ்சம்தான். மீதி எல்லாம் குடும்பத்தில் வாய்வழியாக வந்த கணக்கு. ஆகவே பாட்டில் மேல் 250 என்று போட்டிருந்தால் அதை "மிகப் பழையது" என்று எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். நூறு ஆண்டைத் தாண்டிய கொடிகள் ஏராளம் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. நேரில் பார்த்தாலே அடிமரத்தின் பருமன் சொல்லிவிடும்.

வயதானால் ஒயின் நன்றாகுமா? தானாக ஆகாது. பழைய கொடியின் உண்மையான பலம் ஆழ வேர். மழை குறைந்த ஆண்டிலும் அது நிலை தடுமாறாது. இளங்கொடி இலையுதிர்த்து நிற்கும்போது இது பழத்தை ஒழுங்காகப் பழுக்க வைக்கும். காய்ப்பும் தானாகவே மட்டுப்பட்டுவிடும். மானாவாரிச் சரிவில் ஹெக்டேருக்கு நாலைந்து டன் வந்தாலே விவசாயி திருப்தியடைவார். அதே பாயிஸைச் சமவெளிக் களிமண்ணில் நட்டு வாய்க்கால் தண்ணீர் விட்டால் 20 டன்னைத் தாண்டிக் காய்க்கும். அந்தப் பழத்தில் நிறமும் இருக்காது, ருசியும் இருக்காது. பாயிஸின் கெட்ட பெயரில் பெரும்பங்கு அந்தச் சமவெளித் தண்ணீரில் வந்தது. நகரத்துக்குப் போன மலிவுப் பெட்டி ஒயினுக்குத் தேவைப்பட்டதும் அந்த எடைதான்.

இன்னொரு பங்கு ஒயின் செய்யும் முறையில் வந்தது. பாயிஸின் தோலில் நிறச்சத்து குறைவு. எவ்வளவு ஊற வைத்தாலும் வெளிர் மாணிக்க நிறத்துக்கு மேல் போகாது. ஆனால் துவர்ப்பு இருக்கிறது, அதுவும் கொஞ்சம் முரடானது, விதையிலிருந்தும் காம்பிலிருந்தும் சீக்கிரம் இறங்கிவிடும். நிறம் வேண்டுமென்று நாள் கணக்கில் ஊறப்போட்டு, மேலே மிதக்கும் தோலை அமுக்கி அமுக்கிக் கலக்கினால், நிறம் வருவதற்கு முன் துவர்ப்பு வந்து நாக்கைப் பிடித்துக்கொள்ளும். கபர்னேவுக்கான பாடத்தை இதற்குப் படித்தால் தோல்விதான். 1939-இல் சில்யான் நகரை அழித்த நிலநடுக்கத்துக்குப் பிறகு, தெற்கின் ஒயினைச் சீர்படுத்துகிறோம் என்று அரசு பரிந்துரைத்த வழியும் பாயிஸை மாற்றுவதாக இல்லை; நிறமும் புளிப்பும் மிகுந்த கரிஞான் ரகத்தைக் கொண்டுவந்து அதோடு கலப்பதாக இருந்தது. அப்படி உதவிக்கு வந்த கரிஞானுக்கு இன்று மௌலேயில் தனிப் பெயரும் நல்ல விலையும் கிடைத்துவிட்டன. பாயிஸ் அதற்குப் பின்னால்தான் எழுந்தது.

பழைய விவசாயிகளின் சொந்த முறையோ இந்த ரகத்தை நன்றாகப் புரிந்துகொண்ட முறை. அதன் மையத்தில் இருப்பது சராந்தா. கோலிவே என்ற உள்ளூர் மூங்கிலைச் சீவி, ஒரு விரல் உள்ளே போகுமளவு இடைவெளி விட்டு, பாய் போலக் கட்டி, அகலமான மரத் தொட்டியின் வாயில் வைப்பார்கள். பறித்த குலைகளை அதன் மேல் கொட்டி, இரண்டு உள்ளங்கையாலும் முன்னும் பின்னும் தேய்ப்பார்கள். பழம் நசுங்கி, சாறும் தோலும் இடுக்கு வழியாகக் கீழே விழும். காம்பு மேலேயே தங்கிவிடும். ஒரு கொட்டல் முடிந்ததும் காம்பை அள்ளி வெளியே போட்டுவிட்டு அடுத்தது. ஒரு இயந்திரமும் இல்லாமல், விதை உடையாமல், காம்பின் கசப்பு சேராமல் பழம் பிரிந்துவிடுகிறது. பம்பு, திருகு உருளை எல்லாம் வைத்த ஆலைகளில் விதை நசுங்கும். இந்த ரகத்துக்கு அது ஆகாது. தொட்டியும் பீப்பாயும் ரவுலி என்ற சிலியின் காட்டு மரத்தில் செய்தவை. பழத்தோலிலும் தொட்டியிலும் இருக்கும் ஈஸ்ட்டே நொதிக்க வைக்கும். சில நாளில் வடித்து, குளிர்காலம் முழுக்கத் தெளியவிட்டு, வசந்தத்தில் குடிக்கத் தொடங்கிவிடுவார்கள். இதற்குப் பெயர் பிபேன்யோ. அந்த ஆண்டு ஒயினை அந்த ஆண்டிலேயே தீர்த்துவிடுவது வழக்கம். செப்டம்பர் 18-ஆம் தேதி தேசியக் கொண்டாட்டத்துக்கு ஊருக்கு ஊர் பிபேன்யோவும், பாதி நொதித்த இனிப்பான சீச்சாவும் ஓடும். கௌகெனெஸ் பக்கம் பழத்தை வெயிலில் காயவைத்துச் செய்யும் அசோலியாதோ என்ற இனிப்பு ஒயினும் உண்டு. இன்று அரிதாகிவிட்டது, அது தொடர வேண்டும் என்பது என் ஆசை.

மறுமலர்ச்சி இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் தொடங்கியது. பிரான்ஸின் புர்கோன் பகுதியிலிருந்து வந்த லூயி அந்துவான் லுயித் என்பவர் போஜொலே பகுதியில் கற்ற முறையைப் பாயிஸுக்குப் பொருத்திப் பார்த்தார். அதாவது, குலையை உடைக்காமல் முழுசாக மூடிய தொட்டியில் இட்டு, கரியமில வாயு சூழ வைப்பது. காற்று இல்லாத நிலையில் பழத்துக்குள்ளேயே நொதிகள் வேலை செய்து சர்க்கரையைக் கொஞ்சம் சாராயமாக மாற்றும். தோலின் நிறமும் பழ மணமும் வெளிவரும், விதையின் துவர்ப்பு பின்தங்கிவிடும். பாயிஸுக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. அதே காலத்தில் மிகேல் தொர்ரெஸ் என்ற ஸ்பானிய ஒயின் நிறுவனத்தின் சிலிக் கிளை சிறு விவசாயிகளிடம் பாயிஸ் வாங்கி எஸ்தெலாதோ என்ற நுரைக்கும் ரோஸ் ஒயினைக் கொண்டுவந்தது. நிறம் குறைவு என்ற குறையே அங்கே அனுகூலமானது. பெரிய நிறுவனம் ஒன்று பெயரைப் பாட்டிலில் போட்டு விற்றதும், இந்தத் திராட்சையின் பெயரைச் சொல்வதற்கு இருந்த கூச்சம் போனது. அதன் பிறகு வந்த உள்ளூர் இளைஞர்கள் சராந்தாவையும் ரவுலித் தொட்டியையும் மறுபடி வெளியே எடுத்தார்கள். அவர்களிடம்தான் எனக்கு நம்பிக்கை அதிகம், ஏனென்றால் அவர்கள் குலைக்காக மட்டும் வந்துபோகிறவர்கள் இல்லை, அங்கேயே குடியிருப்பவர்கள்.

ஆனால் நிலைமை நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். புகழ் பாட்டிலுக்கு வந்த அளவுக்கு விலை குலைக்கு வரவில்லை. தெற்கின் பாயிஸில் பெரும்பகுதியை இன்றும் மொத்த வியாபாரிகள்தான் வாங்குகிறார்கள், அறுவடை நெருங்கியதும்தான் விலை சொல்வார்கள். பல ஆண்டுகளில் அந்த விலை பறிகூலிக்கே கட்டுவதில்லை. சிலர் குலையைக் கொடியிலேயே விட்டுவிடுகிறார்கள். மறுபக்கம் மரத்தோட்டம். 1974-இல் வந்த 701-ஆம் எண் சட்ட ஆணை காடு வளர்ப்புக்குப் பெரும் மானியம் கொடுத்தது. அதைத் தொடர்ந்து பைனும் யூகலிப்டஸும் இந்த மலைகள் முழுக்கப் பரவின. கொடியைப் பிடுங்கிவிட்டு மரம் வைத்தால் கவாத்தும் இல்லை, உழவும் இல்லை, இருபது வருடத்தில் மொத்தமாக வெட்டி விற்கலாம். பிள்ளைகள் கொன்செப்சியோனுக்கோ சாந்தியாகோவுக்கோ போய்விட்ட வயதான விவசாயியிடம் இதற்கு எதிராக என்ன சொல்ல முடியும்?

மரத்தோட்டத்தின் கெடுதல் பிடுங்கிய கொடியோடு நிற்கவில்லை. அந்த மரங்கள் நீரை உறிஞ்சி ஓடைகளை வற்ற வைக்கின்றன என்பது அங்குள்ளவர்களின் நெடுநாள் புகார். அதைவிடத் தீ. 2017 ஜனவரியில் மௌலேயில் சாந்தா ஒல்கா என்ற ஊரே எரிந்தது; பழைய தோட்டங்களும் கருகின. 2023 பிப்ரவரியில் இட்டாட்டாவும் பியோ பியோவும் பற்றின. திராட்சைக் கொடி எளிதில் எரிந்து பரவாது. உழுத தோட்டம் தீயைத் தடுத்து நிறுத்தும் பட்டையாகவே இருக்கும். ஆனால் மூன்று பக்கமும் பைன் மரம் சூழ்ந்தால் அந்த அனலில் அடிமரம் வெந்துவிடும். நூறாண்டுக் கொடி சிலது அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும், சிலது துளிர்க்காது. துளிர்த்தாலும் காய்ப்புக்குத் திரும்ப மூன்று நான்கு ஆண்டு ஆகும், அதுவரை வருமானம் கிடையாது. தோட்டங்களைச் சுற்றி மரம் நடாத இடைவெளியைச் சட்டமாகவே கட்டாயமாக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கலிபோர்னியாவைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அங்கே இதே ரகம் வேறு விதமாக வீழ்ந்தது. பிரான்சிஸ்கன் துறவிகள் 1769 முதல் வரிசையாக மடங்கள் கட்டி, அவற்றில் இதை நட்டார்கள். சான் யுவான் கபிஸ்த்ரானோவில் 1779-இல் நட்டது பதிவாகியிருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் ஒரு காலத்தில் இந்தத் திராட்சையின் ஊர். 1880-களில் அனஹைம் பக்கம் தொடங்கிய ஒரு நோய் அங்கிருந்த தோட்டங்களைத் துடைத்தெடுத்தது. பின்னால்தான் அது இலைத்தத்துப்பூச்சி பரப்பும் பாக்டீரியா நோய் என்று தெரிந்தது. இன்று அங்கே மிஞ்சியிருப்பது மிகக் கொஞ்சம். ஆஞ்சலிக்கா என்ற இனிப்பு ஒயினுக்கும், சிலியைப் பார்த்து ஆர்வம் வந்த சிலரின் இலகுவான சிவப்பு ஒயினுக்கும் அது போகிறது.

கடைசியாக, வாங்கிப் பார்க்க நினைப்பவர்களுக்கு. பாட்டிலில் பாயிஸ் என்பதோடு இட்டாட்டா, பியோ பியோ, கௌகெனெஸ் போன்ற ஊர்ப் பெயரும், மானாவாரியைக் குறிக்கும் செகானோ என்ற சொல்லும் இருக்கிறதா என்று பாருங்கள். சாராய அளவு 12, 13 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல அறிகுறி. குடிக்கும் முன் அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுங்கள்; 14 டிகிரி அளவில்தான் இதன் செர்ரிப் பழ வாசமும், காய்ந்த மூலிகை போன்ற மணமும், லேசான மண் வாசனையும் சரியாகத் தெரியும். அறைச் சூட்டில் குடித்தால் துவர்ப்பு மட்டும் முன்னால் நிற்கும். வருடக்கணக்கில் சேமித்து வைக்கும் ஒயின் இல்லை இது. பெரும்பாலானவற்றை இரண்டு மூன்று ஆண்டுக்குள் திறந்துவிடுவது நல்லது. விலையைப் பார்க்கும்போது, கிடைத்தால் விவசாயியே செய்து அடைத்த பாட்டிலை எடுங்கள். அந்தப் பணத்தில் பெரும்பங்கு கவாத்துக் கத்தி பிடிக்கும் கைக்கே போய்ச் சேரும்.